மாறி என்பது யாது?

கணிப்பொறிக்கு நிரல் எழுதக் கற்கத் தொடங்குவோர் முதல் வாரத்திலேயே ஒரு வரியைச் சந்திக்கின்றனர். எக்ஸ் = எக்ஸ் + 1 என்பதே அந்த வரி. பார்ப்பதற்கு மிகச் சிறியது. ஆயினும், பள்ளியில் இயற்கணிதத்தை ஒழுங்காகப் பயின்று வந்த ஒருவரைத் திடுக்கிடச் செய்யும் ஆற்றல் அதற்கு உண்டு. ஓர் எண் தன்னைவிட ஒன்று மிகுதியான எண்ணுக்குச் சமமாக இருப்பது எங்ஙனம்? இருபுறமும் உள்ள எக்ஸை நீக்கிவிட்டால், பூச்சியம் ஒன்றுக்குச் சமம் என்றல்லவா முடிகிறது? இதனை ஏற்றுக்கொண்டால் கணிதம் என்னும் மாளிகையே இடிந்து விழுந்துவிடுமே!

நேயர்களே, இப்படித் திடுக்கிட்டவர்களுள் நானும் ஒருவன். என் பேத்தி பதினோராம் வகுப்பில் கணிப்பொறி அறிவியலைப் பாடமாக எடுத்துக்கொண்டாள். ஒரு நாள் மாலை, இந்த வரியைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள். பல்லாண்டுகள் கணிதம் கற்பித்தவன் என்னும் துணிவில், "இது அச்சுப்பிழை, அம்மா" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் மாலை அவள் மீண்டும் வந்தாள். "தாத்தா, அது பிழை இல்லையாம். பொறியில் போட்டுப் பார்த்தோம், அது ஏற்றுக்கொண்டது. வகுப்பில் எல்லாருக்கும் புரிந்துவிட்டது, எனக்குத்தான் புரியவில்லை. இந்தப் பாடம் எனக்கு வராது போலிருக்கிறது. வேறு பிரிவுக்கு மாறிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டாள். கேட்கும்போதே அவள் கண்களில் நீர் தளும்பிற்று.

கணக்கில் என்றுமே பின்தங்காத குழந்தை அவள். அவளுக்கு ஏன் இது புரியவில்லை? இயற்கணிதத்தை நன்றாகக் கற்றிருந்ததுதான் காரணம் என்பது எனக்குப் பின்னரே விளங்கிற்று. அதை அரைகுறையாகப் படித்தவர்கள் வியப்பின்றிக் கடந்து சென்றனர். பொருளுணர்ந்து படித்தவள் நின்றுவிட்டாள். "தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க" என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குப் புகட்டப்பட்ட தலையாய விதி. ஆனால், தெரிந்ததே வழியை மறித்துக்கொண்டு நிற்குமானால் என்ன செய்வது? அதற்கு விடை காண, அவளுடைய புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு நானே மாணவனானேன். அவ்வாறு கற்றதையே இன்று கூற விரும்புகிறேன்.

முதலில், இயற்கணிதத்தில் எழுத்தின் வேலை என்ன என்பதைக் காண்போம். நமக்குத் தெரியாத எண்ணுக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டு, தெரிந்ததைப் போலவே அதனைக் கையாளுவது இயற்கணிதத்தின் உத்தி. இது நம் நாட்டிலும் பழமையானது. 1150-ஆம் ஆண்டில் பீஜகணிதம் இயற்றிய இரண்டாம் பாஸ்கரர், தெரியாத எண்ணை யாவத்தாவத், அதாவது "எவ்வளவோ அவ்வளவு", என்று குறித்தார். தெரியாதவை பலவானால் கருமை, நீலம் முதலிய நிறங்களின் பெயர்களை அவற்றிற்கு இட்டார். ஐரோப்பாவில் பிரான்சு நாட்டு வியேத் 1591-ஆம் ஆண்டில் தெரியாதவற்றுக்கும் தெரிந்தவற்றுக்கும் எழுத்துக்களை முறைப்படப் பயன்படுத்தினார். தெரியாதவற்றுக்கு எக்ஸ், ஒய், இசட் என்னும் எழுத்துக்களை வழங்கும் வழக்கம் 1637-இல் தேகார்த் எழுதிய வடிவியல் நூலால் நிலைபெற்றது.

இங்கே ஒன்றைக் கருத்தில் இருத்த வேண்டும். இரண்டு எக்ஸ் கூட்டல் மூன்று, பதினொன்றுக்குச் சமம் என்றால், எக்ஸ் நான்கு. நாம் விடை கண்ட பின்னர் அது நான்காகிவிடவில்லை. கணக்கின் முதல் வரியிலேயே அது நான்குதான். நமக்குத் தெரியாமல் இருந்ததே தவிர, எதுவும் மாறவில்லை. இயற்கணிதச் சமன்பாட்டில் காலம் என்பதே கிடையாது. தராசின் இரு தட்டுக்களும் சமமாக நிற்கும் காட்சியைப் போல அது அசைவற்ற ஓர் உண்மையைக் கூறுகிறது.

நிரலோ அத்தகையது அன்று. நிரல் என்பது கட்டளைகளின் வரிசை. முதலில் இதைச் செய், அடுத்து அதைச் செய் என்று சமையற் குறிப்புப் போலச் சொல்லிக்கொண்டு போவது. அதில் முன் உண்டு, பின் உண்டு. ஆகவே காலம் உண்டு. காலம் உள்ள இடத்தில்தான் ஒரு பொருள் உண்மையாகவே மாற முடியும். முதல் வரி நிறைவேறும்போது எக்ஸின் மதிப்பு ஐந்தாக இருக்கலாம். ஏழாம் வரியில் அதுவே ஆறாகலாம். இதனாலேயே அதனை மாறி என்கிறோம். கணித ஆசிரியனாகிய நானும் அந்தச் சொல்லை வாழ்நாள் முழுதும் சொல்லிவந்தவன்தான். ஆனால், ஒரே கணக்கின் நடுவில் மாறக்கூடிய மாறியை நான் அதுவரை கண்டதில்லை.

இதனை என் பேத்திக்கு விளக்க ஓர் உவமை தேடினேன். பெரும்பாலான நூல்களில் மாறியைப் பெட்டி என்கின்றனர். பெட்டிக்குள் பொருளை வைப்பதுபோல மாறிக்குள் மதிப்பை வைக்கிறோம் என்பர். இது ஓரளவே பொருந்தும். பெட்டிக்குள் ஒரு பொருள் இருக்கும்போதே இன்னொன்றையும் வைக்கலாம். மாறிக்குள் ஒரு நேரத்தில் ஒரே மதிப்புத்தான் நிற்கும். பெட்டியிலிருந்து பொருளை எடுத்தால் பெட்டி வெறுமையாகிவிடும். மாறியிலிருந்து மதிப்பை எடுத்துப் பயன்படுத்தினாலும் அது அங்கேயே இருக்கும். பொருத்தமற்ற உவமை மாணவனை வழிதவறச் செய்யும். ஆதலின் வேறொன்று தேடினேன். அது நான் நாள்தோறும் பார்த்த பொருளாகவே இருந்தது.

நம் பள்ளிகளில் வகுப்பறைக் கரும்பலகையின் மூலையில், நாள்தோறும் காலையில் "பதிவு 42, வருகை 39" என்று எழுதிவைப்பது வழக்கம் அல்லவா? வருகை என்பது ஒரு பெயர். அதன் அருகே ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தில் ஓர் எண் எழுதப்பட்டிருக்கிறது. பெயர், இடம், மதிப்பு ஆகிய இம்மூன்றும் சேர்ந்ததே மாறி. நாளை வருகை 41 ஆனால், பெயரை அழிப்பதில்லை; எண்ணை மட்டும் துடைத்துவிட்டுப் புதிய எண்ணை எழுதுகிறோம். எழுதிய பின்னர்ப் பழைய எண் எங்கே போயிற்று என்று கேட்டால், போனது போனதுதான். யாரேனும் அதைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போனால் பலகையிலுள்ள எண் குறைவதில்லை. படித்தால் அழியாது, எழுதினால் முன்னது அழியும். மாறியின் இயல்பு முழுவதும் இந்த இரண்டு தொடர்களில் அடங்கிவிடுகிறது. கணிப்பொறியின் நினைவகமே அந்தக் கரும்பலகை.

இனி, நம்மைத் திடுக்கிடச் செய்த வரிக்கு வருவோம். வருகை 39 என்று எழுதியாகிவிட்டது. அப்போது ஒரு மாணவன் மூச்சிரைக்க ஓடிவருகிறான். ஆசிரியர் என்ன செய்கிறார்? பலகையைப் பார்க்கிறார், 39. மனத்தில் ஒன்றைக் கூட்டுகிறார், 40. பழையதைத் துடைத்துவிட்டு அதே இடத்தில் 40 என்று எழுதுகிறார். இதையே நிரலின் மொழியில் எழுதினால் வருகை = வருகை + 1 என்று ஆகும். முதலில் வலப்புறத்தைக் கணக்கிட வேண்டும். அங்கே வருகை என்பது இப்போதுள்ள மதிப்பைக் குறிக்கிறது. பின்னர் விடையை இடப்புறத்தில் எழுத வேண்டும். அங்கே வருகை என்பது எழுதவேண்டிய இடத்தைக் குறிக்கிறது. ஒரே பெயர் வலப்புறம் மதிப்பாகவும் இடப்புறம் இடமாகவும் நிற்கிறது. சமன்பாடு என்று படித்தால் பொய். கட்டளை என்று படித்தால் எளிய உண்மை.

அப்படியானால் சமக்குறியை ஏன் இங்கே பயன்படுத்தினார்கள்? நியாயமான கேள்வி. இந்தக் குறியை முதன்முதலில் அச்சில் வழங்கியவர் வேல்சு நாட்டவரான இராபர்ட் ரிக்கார்டு, ஆண்டு 1557. இரண்டு இணைகோடுகளைவிடச் சமமான இரு பொருள்கள் வேறு இல்லை என்பது அவர் காட்டிய காரணம். அதற்குச் சரியாக நானூறு ஆண்டுகளுக்குப் பின், 1957-இல், ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட ஃபோர்ட்ரான் என்னும் நிரல்மொழி, "எழுதுக" என்னும் கட்டளைக்கு இதே குறியை எடுத்துக்கொண்டது. 1960-இல் வரையறுக்கப்பட்ட அல்கால் மொழியை அமைத்தவர்கள் இதிலுள்ள குழப்பத்தைத் தவிர்த்தனர்; முக்காற்புள்ளி போன்ற இரு புள்ளிகளைச் சமக்குறிக்கு முன்னே சேர்த்து, := என்று எழுதினர். பின்னர் வந்த பாஸ்கல் மொழியும் அவ்வழியே சென்றது. ஆனால் 1970-களின் தொடக்கத்தில் தோன்றிய சி மொழி மீண்டும் ஒற்றைச் சமக்குறியையே கட்டளைக்கு வைத்துக்கொண்டது. இரண்டு மதிப்புக்கள் சமமா என்று கேட்பதற்கு அது சமக்குறியை இருமுறை இட்டது. 1991-இல் வெளிவந்த பைத்தான் உள்ளிட்ட இன்றைய மொழிகள் பல இவ்வழக்கத்தையே பின்பற்றுகின்றன.

ஆகவே, ஒரு குறிக்கு இரண்டு பொருள் வந்து சேர்ந்தது வரலாற்றின் விளைவு. அதனைக் கண்டு மயங்கும் குழந்தையின் குறை அன்று. என் பேத்திக்கு நான் ஒரு வழி சொன்னேன். நிரலைப் படிக்கும்போது அந்தக் குறியைச் சமம் என்று வாசிக்காதே. ஆகுக என்று வாசி. "வருகை ஆகுக, வருகை கூட்டல் ஒன்று." உரக்க வாசித்துப் பார்த்தாள். முகத்தில் சிறிது வெளிச்சம் பரவிற்று. "இவ்வளவுதானா, தாத்தா?" என்றாள். புரிந்தது என்று ஒருவர் சொல்வதை ஆசிரியன் உடனே நம்பிவிடக் கூடாது. சோதித்துப் பார்க்க வேண்டும். இரண்டு சோதனைகள் வைத்தேன்.

முதற் சோதனை இது. அ பிரிவின் வருகை 39. ஆ பிரிவின் வருகை 41. தவறுதலாக இரண்டையும் இடம் மாற்றி எழுதிவிட்டார்கள். அவற்றை எப்படிச் சரிசெய்வது? அவள் உடனே இரண்டு வரிகள் எழுதினாள்: அ = ஆ; ஆ = அ. பலகையில் செய்து பார்க்கச் சொன்னேன். அ என்பதில் 39 இருக்கிறது. ஆ என்பதில் 41. முதல் வரியின்படி அ-வின் இடத்தில் 41 எழுதப்பட்டது; அங்கிருந்த 39 அழிந்தது. இரண்டாம் வரியின்படி அ-வில் இப்போது உள்ளதை ஆ-வில் எழுத வேண்டும். அதுவும் 41தான். இரண்டு இடத்திலும் 41 நின்றது. 39 உலகைவிட்டே போயிற்று! அவள் சற்று நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தாள். 39-ஐ அதில் குறித்துவைத்துக்கொண்டு, 41-ஐ அ-வுக்கு எழுதி, காகிதத்திலுள்ள 39-ஐ ஆ-வுக்கு எழுதினாள். அந்தத் துண்டுக் காகிதமே மூன்றாவது மாறி. இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

இரண்டாம் சோதனை, ஒரு வாரத்தின் சராசரி வருகையைக் காண்பது. ஐந்து நாள்களின் வருகை 38, 40, 37, 41, 39. மொத்தம் என்றொரு மாறி வைத்துக்கொள்வோம். அதில் முதலில் பூச்சியத்தை எழுத வேண்டும். பின்னர் ஒவ்வொரு நாளும், "மொத்தம் ஆகுக, மொத்தம் கூட்டல் வருகை" என்னும் ஒரே கட்டளை திரும்பத் திரும்ப நிறைவேறும். மொத்தம் 38 ஆகும். பிறகு 78, 115, 156, இறுதியில் 195. ஐந்தால் வகுத்தால் 39. இவ்வாறு ஒவ்வொரு வரிக்குப் பின்னும் மாறியில் நிற்கும் மதிப்பைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போவதைப்போல் தொடக்க மாணவனுக்கு நன்மை தரும் பயிற்சி வேறில்லை. பொறி செய்வதை நம் கையால் ஒருமுறை செய்து பார்த்துவிட்டால் மாயம் எதுவும் மிஞ்சாது.

முதலில் பூச்சியத்தை எழுதவேண்டும் என்றேன். அதனை மறப்பது தொடக்கத்தில் பலரும் செய்யும் பிழை. சென்ற வாரத்து மொத்தத்தைத் துடைக்காமல் இந்த வாரத்தைக் கூட்டத் தொடங்கிய எழுத்தரின் நிலைதான் அப்போது ஏற்படும். பைத்தான் மொழியில், மதிப்பே தரப்படாத பெயரைப் பயன்படுத்தினால் பொறி பிழை என்று சொல்லி நின்றுவிடும். சி மொழியிலோ, நினைவகத்தின் அந்த மூலையில் முன்பு எவரோ எழுதிவிட்டுப்போன ஏதோ ஓர் எண்ணையே நம் எண்ணாகக் கருதிக் கணக்கைத் தொடரவும் கூடும். பிழை என்று சொல்லி நிற்பதைவிடச் சொல்லாமல் தொடர்வதே பெருந்தீங்கு.

அடுத்து, மாறியில் நிற்கும் மதிப்பு எவ்வகைப்பட்டது என்பதையும் அறிய வேண்டும். 38 என்பது எண்ணாகவும் இருக்கலாம். மூன்று, எட்டு என்னும் இரண்டு எழுத்துருக்களின் தொடராகவும் இருக்கலாம். மனிதர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பொறிக்கு வேறு வேறு. பைத்தான் மொழியில், விசைப்பலகையில் நாம் தட்டிக் கொடுப்பது எழுத்துத் தொடராகவே உள்ளே செல்லும். அதனை எண்ணாக மாற்றாமல் 38-ஐயும் 40-ஐயும் கூட்டச் சொன்னால், விடை 78 என்று வராது; இரண்டையும் ஒட்டவைத்து 3840 என்று வரும்! பொறி பொய் சொல்லவில்லை. நாம் எழுத்தைக் கொடுத்தோம். அது எழுத்தைச் சேர்த்துக் கொடுத்தது.

மாறியின் இடத்துக்கு அளவும் உண்டு. பதினாறு இரும இலக்கங்களுக்கான இடத்தில் குறியுடைய முழு எண் 32,767 வரைதான் கொள்ளும். இது ஏட்டுச் செய்தி என்று எண்ணிவிட வேண்டாம். 1996-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள், தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலுள்ள குரு என்னும் ஏவுதளத்திலிருந்து ஐரோப்பியரின் ஏரியேன் 5 ராக்கெட் முதன்முதலாகப் புறப்பட்டது. ஏறத்தாழ 40 விநாடிகளில் வழிதவறிச் சிதறிப்போயிற்று. அதன் வழிகாட்டும் நிரல், முந்தைய ஏரியேன் 4-இலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. கிடைமட்ட வேகத்தைச் சார்ந்த ஒரு மதிப்பு, 64 இலக்க இடத்திலிருந்து 16 இலக்க இடத்துக்கு மாற்றப்பட்டது. பழைய ராக்கெட்டில் அந்த இடம் போதியதாக இருந்தது. விரைவு மிகுந்த புதிய ராக்கெட்டில் போதவில்லை. பெரும்பொருளும் பல்லாண்டு உழைப்பும் ஒரு சிறிய இடத்தில் கொள்ளாத ஓர் எண்ணால் அழிந்தன.

மாறிக்குப் பெயரிடும் முறையைப் பற்றியும் ஒரு சொல். எக்ஸ், ஒய் என்று வைத்தால் எழுதுவது எளிது. ஒரு திங்கள் கழித்துப் படிப்பது கடினம். வருகை என்று வைத்தால் படிக்கும்போதே பொருள் விளங்கும். பைத்தானின் மூன்றாம் பதிப்பு 2008-இல் வந்தது முதல், பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே இடலாம்; மொத்தம் = 0 என்று தட்டினால் பொறி ஏற்றுக்கொள்கிறது. என் பேத்தி அப்படி எழுதிக் காட்டியபோது நான் அடைந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. ஆனால், பெயரை நன்றாக வைப்பதால் மட்டும் பொறிக்கு அதன் பொருள் தெரிந்துவிடாது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். வருகை என்று பெயரிட்டு அதில் கட்டணத்தை எழுதினாலும் அது மறுக்காது. பெயர் மனிதருக்காகவே.

என் உவமைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. பைத்தான் போன்ற சில மொழிகளில் பெயர் என்பது பலகையின் இடத்தைவிட, பொருளில் கட்டிய பெயர்ச்சீட்டையே பெரிதும் ஒத்தது. ஒரே பொருளுக்கு இரண்டு சீட்டுக்கள் கட்டலாம். எண்களைக் கையாளும்வரை இந்த வேறுபாடு தொடக்க மாணவனைத் தொல்லைப்படுத்தாது. பட்டியல்களைக் கையாளும் நாளில் அவன் கரும்பலகையை விட்டுச் சீட்டுக்கு மாறிக்கொள்ளலாம். ஏணியில் ஏறியவன் கீழ்ப்படியைவிட்டுக் காலை எடுப்பது குற்றம் ஆகாது.

இவ்வளவும் கற்றபோது, 1988-ஆம் ஆண்டில் என் வகுப்பில் நிகழ்ந்த ஒன்று நினைவுக்கு வந்தது. ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து நின்றான். "சார், போன கணக்கிலே எக்ஸ் 5 என்று சொன்னீர்கள், இந்தக் கணக்கிலே 7 என்கிறீர்கள். எது சார் சரி?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "கேள்வியை விட்டுக் கணக்கைப் போடு" என்று உட்காரவைத்துவிட்டேன். அதன்பின் அந்த ஆண்டு முழுவதும் அவன் எதையும் கேட்கவில்லை. ஒரு பெயர் எங்கே தொடங்கி எங்கே முடியும்வரை ஒரே பொருளைக் குறிக்கும் என்பதே அவன் கேட்டது. கணிப்பொறி அறிவியலில் இதற்கு மாறியின் வரையெல்லை என்று பெயர். அதற்கெனப் பாடமே வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு வயதுச் சிறுவன் தானாகவே அந்தக் கேள்வியை வந்தடைந்தான். நான்தான் அதைக் கேள்வி என்று அறியவில்லை.

என் பேத்தி வேறு பிரிவுக்கு மாறவில்லை. அவளுக்கு விடை சொன்னது நான் அல்லேன், கரும்பலகையின் மூலைதான். அந்தச் சிறுவனுக்கும் அதே மூலையைக் காட்டி, "நேற்று வருகை 39, இன்று 41, எது சரி, தம்பி? இரண்டும் சரி, நாள் வேறு, கணக்கு வேறு" என்று சொல்லியிருக்கலாம். அரை நிமிடம்கூட ஆகியிராது. நேயர்களுள் ஆசிரியர்களும் பெற்றோர்களும் இருப்பீர்கள். உங்கள் குழந்தை நன்றாகக் கற்றிருந்தும் ஓரிடத்தில் நின்றுவிட்டால், அவனுக்கு வராது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஒரே குறி அவனுக்கு இரண்டு பொருள் காட்டி நிற்கிறதா என்று முதலில் பாருங்கள்.